பிரிச்சு வச்ச முயல் ஜோடி திரும்ப அடிச்சுக்குதா? அவசரப்பட்டு ஒண்ணை குடுத்துடாதீங்க

பாலக்கோட்டுல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: ஆணும் பெண்ணுமா ரெண்டு முயல், ஒரே கூண்டுல ஒட்டிக்கிட்டு கிடந்ததுங்க. ஆணுக்கு போன வருஷமே கருத்தடை ஆச்சு. இப்ப பெண்ணுக்கு பெங்களூர்ல ஆபரேஷன் முடிச்சு, ஓசூர்ல தங்கச்சி வீட்டுல ரெண்டு வாரம் வச்சிருந்து கூட்டிட்டு வந்தா, பழைய கூண்டுல விட்ட உடனே முடி பறக்க சண்டை. வித்தவர் "இனி சேராது, ஒண்ணை குடுத்துட்டு புது ஜோடி எடுத்துக்கோங்க"ன்றாராம்.

குடுக்காதீங்க அக்கா. முயல் ஆளை வாசனையிலதான் கண்டுபிடிக்கும், உங்க பெண் முயல் மேல இப்ப மருந்து வாசமும் வேற வீட்டு வாசமும்தான் இருக்கு, அதனால ஆணுக்கு அது யாரோ புதுசு, அதுவும் தன்னோட கூண்டுக்குள்ள நுழைஞ்ச புதுசு. ஆபரேஷன் பண்ணாலும் ஹார்மோன் அடங்க இன்னும் சில வாரம் ஆகும்.

தையல் நல்லா ஆறிடுச்சான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, அதுவரைக்கும் நேரா சேக்காதீங்க. ரெண்டு கூண்டையும் பக்கத்துல வைங்க, மூக்கை கடிக்க முடியாத அளவு நடுவுல இடைவெளி விட்டு. விரிச்ச துணியையும் மூத்திர ட்ரேயையும் தினம் மாத்தி மாத்தி போடுங்க, கொத்தமல்லி, புல்லு எல்லாம் ஒரே நேரத்துல நடு இடைவெளிக்கு இந்தப் பக்க கூண்டுலயும் அந்தப் பக்க கூண்டுலயும் வைங்க. பக்கத்து பக்கத்துல நிம்மதியா படுக்க ஆரம்பிச்சா, ரெண்டுமே இதுவரை போகாத இடத்துல, வழுக்காம பாய் விரிச்சு, பத்து நிமிஷம் விடுங்க. நம்ம தர்மபுரி வெயிலுக்கு காலையிலயோ சாயந்தரமோதான். துரத்துறது, மேல ஏறுறது சகஜம். காதை பின்னால மடிச்சு ரெண்டும் வட்டமா சுத்தி கடிக்க வந்தா கையை விடாம தொடப்பத்தாலயோ தடிமனான துண்டாலயோ பிரிங்க. நாள் போகப்போக நேரத்தை கூட்டுங்க. சில ஜோடிக்கு சில நாள், சிலதுக்கு பல வாரம்.

இப்ப விக்கிறவங்க சொல்ற வைத்தியத்துக்கு வரேன், எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம் இதுதான். மூக்குல விக்ஸ் தடவு, பவுடர் போடு, ரெண்டையும் குளிப்பாட்டு, சாக்குல கட்டி வண்டியில ஒரு ரவுண்டு அடி, பயத்துல ஒட்டிக்கும்னு சொல்வாங்க. பயந்த முயல் ஒட்டிக்கிறது பாசம் இல்ல, இந்த சூட்டுல சாக்குக்குள்ள உயிரே போயிடும். வித்தவருக்கு இன்னொரு ஜோடி வித்தா காசு, அவ்வளவுதான். அந்த "ஜோடி"யும் நிஜமாவே ஆணும் பெண்ணுமான்னு குட்டியில சரியா பாக்காம குடுக்குறவங்க நிறைய.

உங்களுக்கு பொருந்தாது, ஆனா படிக்கிற மத்தவங்களுக்காக அழுத்தி சொல்றேன்: ஆண் முயலுக்கு இப்பத்தான் கருத்தடை ஆச்சுன்னா, ஆபரேஷன் பண்ணாத பெண்கூட ஆறு வாரம் சேக்கவே கூடாது. விதை எடுத்த அன்னைக்கே வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடுறாங்க, உள்ள மிச்சமிருக்கிற விந்து போதும் குட்டி நிக்க. ஒரு நிமிஷம்கூட வேண்டாம், வலை இடுக்கு வழியாகூட நடக்கும். சுமார் 31 நாள்ல குட்டி வந்து நிக்கும்.

மாடு, ஆட்டுக்கு ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி இருக்கு, முயலை தூக்கிட்டு போனா கறிக்கான்னு கேக்குறாங்க, அதனாலதான் இவங்க பெங்களூர் வரைக்கும் ஓட வேண்டியிருக்கு. அங்கயும் துணை முயலை கூட வைக்க விடமாட்டேங்குறாங்க. அடுத்த தடவை கண்டிப்பா கேளுங்க, ரெண்டும் சேந்து போய் சேந்து வந்தா இந்த பிரச்சனையில பாதி வராது.

இந்த நாட்கள்ல எது சாப்பிடுது, புழுக்கை போடுதுன்னு கவனிங்க. அரை நாள் எதுவும் தின்னாம உக்காந்திருந்தா சண்டையை விட அதுதான் ஆபத்து, மறுநாளைக்குன்னு தள்ளாம உடனே டாக்டர்கிட்ட போங்க, அப்ப ரெண்டையும் சேத்தே கூட்டிட்டு போங்க.