கூட்டுவதா, குறைப்பதா?

ஐயா, என் மாமியாருக்கு வயது 78. அல்சைமர் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மூளையின் நோயெதிர்ப்பு அணுக்களே நோயை வளர்ப்பதாக ஒரு கட்டுரையில் படித்தேன். உறவினர்களோ எதிர்ப்பு சக்தியைக் கூட்டச் சூரணம் கொடுக்கச் சொல்கிறார்கள். கூட்டுவதா, குறைப்பதா? இரவெல்லாம் சாவிக்கொத்தைத் தேடி அலைகிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

சூரணத்தைப் பரணில் போடுங்கள். எதிர்ப்பு சக்தி என்ன வட்டிக் கணக்கா, கூட்டிக்கொண்டே போக? யோசனை சொன்னவர்களில் ஒருவராவது ஓர் இரவு வந்து கண் விழித்தாரா?

எனக்கு உறுத்துவது வேறு. மைக்ரோகிளியா எனப்படும், நீங்கள் படித்த அந்த மூளை அணுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் போர்வீரன், படை என்றே எழுதுகிறார்கள். மைக்ரோகிளியாவுக்குக் கூட்டுவது என்றால் துடைப்பத்தால் கூட்டுவது. 1919இல் ஸ்பெயினின் பியோ தெல் ரியோ ஒர்த்தேகா வெள்ளிச் சாயமேற்றி அவற்றைத் தனியாக இனங்காட்டினார். நரம்பணுக்களோடு பிறந்தவை அல்ல; கருவின் தொடக்க நாட்களில் மஞ்சட்கருப் பையிலிருந்து வந்து மூளையில் குடியேறி, அங்கேயே தங்கிவிடுபவை. செத்த அணு, நரம்பணுக்களுக்கிடையே வேண்டாத இணைப்பு, அமிலாய்டு என்ற புரதத்தின் படிவு எல்லாவற்றையும் அள்ளுபவை.

கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் சிறுமியாக வந்து தங்கிவிட்ட ஓர் அக்கா இருந்தார். முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரை அவர் கூட்டியதுதான் வீடு. அப்பத்தாவின் சாமான்களில் எது எந்த அறையில் என்பது அப்பத்தாவைவிட அவருக்குத் தெரியும். பங்காளிகள் ஆளுக்கொரு ஊராகப் போனோம். ஓடு ஒழுகியது, கறையான் ஏறியது. அள்ள அள்ளக் குப்பை. ஒரு கோடையில் நான் போனபோது பின்கட்டில் தீ எரிந்துகொண்டிருந்தது. மக்கிய கொட்டான்களோடு ரங்கூன் கடைப் பேரேடுகளும் எரிந்துகொண்டிருந்தன. கத்தினேன். “எல்லாம் ஒரே மக்கலாகத்தான் தெரிந்தது, தம்பி” என்றார். இருபது ஆண்டு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத நான் அவரைத் திட்டினேன்.

அல்சைமரிலும் ஏறக்குறைய இதுதான். முதலில் இந்த அணுக்கள் அமிலாய்டைச் சூழ்ந்து அடக்குகின்றன. படிவு தீராமல் பெருகப் பெருக, ஓயாத அழற்சியில் சிக்கி நல்ல இணைப்புகளையும் பிடுங்கத் தொடங்குகின்றன. எலிகளிடம் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். அதற்காகத் துடைப்பத்தைப் பிடுங்கிவிடலாமா? இவற்றின் வேலைக்கு வேண்டிய டிரெம்2 மரபணுவில் ஒரு திரிபு இருந்தால் நோய்க்கான ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2013இல் தெரிந்தது. அழற்சி குறைக்கும் மாத்திரைகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. கூட்டுவதும் குறைப்பதும் எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்தது. அதை வீட்டில் உட்கார்ந்து நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது. இதுவரை எத்தனை வேளை சூரணம் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சாவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பூட்டுத் தொலைந்த சாவிகள் நம் வீடுகளிலா இல்லை? ஒரு கொத்தாகக் கோத்துக் கொடுத்துவிடுங்கள். எங்கள் அப்பத்தா அப்படி ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு, எண்ணிக்கொண்டே தூங்கிவிடுவார்.