டெண்டர் திறக்கும் முன்பே எழுதிவிடுங்கள்

கேள்வி: நான் ஓர் உள்ளாட்சி மன்ற உறுப்பினர். தெருவிளக்குகள் வாங்கப்போகிறோம். மின்சாரத்தை மிச்சப்படுத்தி நெடுநாள் உழைக்கும் விளக்காக வாங்கலாம் என்றால், "குறைந்த விலை கேட்டவருக்குத்தான் கொடுக்க முடியும், இல்லாவிட்டால் தணிக்கையில் சிக்கல் வரும்" என்கிறார்கள் அதிகாரிகள். வழியே இல்லையா, ஐயா?

பதில்: இருக்கிறது. கொள்முதல் பிரிவிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். டெண்டர் உறைகளைப் பிரித்த பிறகு "இந்த விளக்கு சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று பேசினால் தணிக்கையாளர் சந்தேகப்படுவார், அது நியாயமும்கூட. சொல்ல வேண்டியதை டெண்டர் ஆவணத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அங்கேயும் "சுற்றுச்சூழலுக்கு உகந்த விளக்கு" என்று எழுதாதீர்கள். எந்த விளக்கைக் கொண்டுவருபவரும் அப்படித்தான் சொல்வார். ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் (வெளிச்சத்தின் அளவு), எத்தனை ஆண்டு உத்தரவாதம், எந்த ஆய்வுக்கூடச் சான்று என்று சோதித்துப் பார்க்கும்படி எழுதுங்கள். எல்இடி விளக்கில் பெரும்பாலும் முதலில் பழுதாவது உள்ளே இருக்கும் டிரைவர்தான், அதாவது விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி. அதை மட்டும் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் நல்ல விளக்குகள் குப்பைக்குப் போவதைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறேன்.

அடுத்தது கணக்கு. தெருவிளக்கு ஆண்டுக்குச் சுமார் 4,000 மணி நேரம் எரிகிறது. இரண்டு விளக்குகளுக்கு இடையே 50 வாட் வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 200 யூனிட், பத்தாண்டில் 2,000 யூனிட். விளக்கின் விலை ஒரு கணக்குத் தலைப்பிலும் மின்கட்டணம் இன்னொன்றிலும் கிடப்பதால் இரண்டையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் கூட்டச் சொல்லுங்கள். மொத்தச் செலவு யாருடையது குறைவோ அவருக்கே ஒப்பந்தம் என்று, கணக்கிடும் முறையோடு ஆவணத்தில் வெளியிடுங்கள். அப்போதும் குறைந்த தொகைக்குத்தானே கொடுக்கிறீர்கள்!

இப்படி நிபந்தனை வைத்தால் வழக்கில் நிற்குமா என்பீர்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரம் 1997இல் பஸ் சேவைக்கான டெண்டரில், நைட்ரஜன் ஆக்சைடும் இரைச்சலும் குறைந்த பஸ்களுக்குக் கூடுதல் மதிப்பெண் அறிவித்தது. தோற்ற நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2002இல் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தகைய நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது: அவை வாங்கும் பொருளோடு தொடர்புடையவையாக இருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும், பாகுபாடு காட்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு கொள்முதல் சட்டத்தில் ஆயுட்காலச் செலவை, அதாவது விலையோடு பயன்படுத்தும் காலச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

உங்களுக்குப் பொருந்தும் கொள்முதல் விதிகளில் ஒப்பந்தப்புள்ளிகளை மதிப்பிடும் முறை பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, டெண்டர் அறிவிப்பு வெளியாகும் முன் வரைவைக் கேட்டு வாங்குங்கள். அறிவிப்பு வந்துவிட்டால், திருத்தம் கேட்பவர்மீதே சந்தேகம் திரும்பும்.