புலி மார்க்கா சிவப்பு

கேள்வி: பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு சிவப்புத் துணி கிடைத்தது. புலிப் படம் போட்ட சீட்டு, அதில் 'கிளாஸ்கோ' என்று இருக்கிறது. ஒரு மூலையை நனைத்துத் தேய்த்தேன், சொட்டுச் சாயம் போகவில்லை. எங்கே செய்தது?
– வாசகி, பவானி

பதில்: அநேகமாக ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்துக்குப் பக்கத்திலுள்ள லீவன் பள்ளத்தாக்கில். லோமண்ட் ஏரியில் கிளம்பும் லீவன் ஆறு சில மைல் ஓடி, டம்பார்ட்டனில் கிளைடு ஆற்றில் கலந்துவிடும். அந்தக் குட்டி ஆற்றங்கரையில் அலெக்ஸாண்ட்ரியா, ரென்டன் என்று ஊருக்கு ஊர் சாயப்பட்டறைதான். முதலில் துணி வெளுப்பவர்கள் வந்தார்கள், பின்னாலேயே சாயக்காரர்கள். எல்லாம் தண்ணீருக்காகத்தான். இந்தச் சிவப்புக்கு இரும்பு ஆகவே ஆகாது, துளி கலந்தாலும் நிறம் மங்கிக் கறுத்துவிடும். ஏரித் தண்ணீரோ சுத்தமானது, உப்புச்சத்தும் குறைவு. சாயம் பிடிக்கக் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதைத் தொட்டியில் அளந்து போட்டுக்கொள்ளலாம்.

துருக்கிச் சிவப்பு என்று பெயர். 1785இல் பிரான்ஸின் ரூவான் நகரத்திலிருந்து வந்த பாப்பியோன் என்பவர் மூலமாக இந்தத் தொழில் கிளாஸ்கோவுக்கு வந்தது. செய்முறையைக் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். சிக்கு வாடை அடிக்கும் ஆலிவ் எண்ணெயில் ஆட்டுப் புழுக்கையைக் கரைத்து, அதில் துணியை ஊறப்போட்டு, காயவைத்து, திரும்ப ஊறப்போட்டு, இப்படியே பல தடவை. அப்புறம் படிகாரத் தண்ணீர். அதன்பிறகு மேடர் என்ற சாயச் செடியின் வேரும் மாட்டு ரத்தமும் சேர்ந்த சாயத்தொட்டி. கடைசியில் சோப்புப் போட்டு ஒரு வேக்காடு. எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். மேடர் வேரில் நிறம் தருவது அலிசரின். நம் சோழமண்டலக் கரைக்காரர்கள் சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பும் அதேதான், நம்மவர்கள் அதை நூற்றாண்டுக் கணக்காகச் செய்துவந்தார்கள். அப்படிப்பட்ட ஊருக்கே கப்பலில் சிவப்புத் துணி அனுப்பி விற்ற சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! எழுத்துத் தெரியாதவர்களும் அடையாளம் சொல்லி வாங்கத்தான் சீட்டில் புலி, யானை, சாமி படமெல்லாம்.

1898 வாக்கில் அங்கிருந்த மூன்று பெரிய கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து 'யுனைடெட் டர்க்கி ரெட்' ஆனது. 1911இல் பெரிய வேலைநிறுத்தம், அதில் முன்னால் நின்றவர்களில் பெண்கள் ஏராளம். அப்புறம் இந்திய மில்கள் வளர்ந்தன, விலை குறைந்த வேறு சிவப்புச் சாயங்களும் வந்துவிட்டன. 1960களின் தொடக்கத்தில் கதை முடிந்தது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பட்டறையில் டி.ஆர். ஆயில் என்கிறார்களே, அதுவும் இந்தத் துருக்கிதானா?
– அதே வாசகி

பதில்: அதேதான், டர்க்கி ரெட் ஆயில். 1869 வாக்கில் அலிசரினைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள், மேடர் வேர் விவசாயம் படுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆமணக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துத் தண்ணீரில் கரையும் எண்ணெய் தயாரித்தார்கள். ஆலிவ் எண்ணெயும் புழுக்கையும் தேவையில்லாமல் போனது, வாரக்கணக்கு வேலை சில நாளில் முடிந்தது. துருக்கிச் சிவப்பு போய்விட்டது, எண்ணெய் மட்டும் வேறு சாயங்களுக்குத் துணையாகப் பட்டறைகளில் இன்னும் ஓடுகிறது.