மொதல்ல கெரானை எடுங்க: வீட்டுத் தோட்டம், கோழி, மழைத்தண்ணி, சோலார் கேள்வி-பதில்

இந்தத் தடவ இருபது கேள்விக்கு மேல வந்துருக்கு, அதுல பாதி வாய்ஸ் மெசேஜ். ஒருத்தர் ஆறு நிமிஷம் பேசறார், வீடு டெரஸா (வரிசை வீடா) பிளாட்டா, நிலம் யார் பேர்ல இருக்கு, ஒண்ணும் சொல்லல, ஆனா கடைசியில "எனக்கு உரிமை இருக்கா இல்லையா சொல்லுங்க"ன்னு ஒரு அதட்டல் வேற. ஐயா, நான் முப்பது வருஷம் இந்த மலேசியாவுல மஜ்லிசுக்கு (நகராட்சிக்கு) பிளான் வரைஞ்சு கொடுத்துப் பொழச்சவன், ஜோசியக்காரன் இல்ல. கேள்வி அனுப்பறதுக்கு முன்னாடி கெரானை, அதான் உங்க நிலப் பத்திரத்த, எடுத்துப் பாருங்க. நிலத்தோட காதகோரின்னு (வகைன்னு) ஒரு வரி இருக்கும், பங்குனான்னு போட்டிருந்தா கட்டட நிலம், பெர்த்தானியான்னு போட்டிருந்தா விவசாய நிலம். அந்த ஒரு வார்த்தைய எழுதி அனுப்புங்க, போதும்.

20க்கு 70 டெரஸ் வீடு. முன்னாடி சிமெண்ட்டை உடைச்சுட்டு கீரை, வெண்டைக்காய், முருங்கை போடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்ளைன் பண்ணுவேன்னு மிரட்டறார்.

தாராளமா போடுங்க. கேட்டுக்கு உள்ள வெண்டைக்காய் நட்டவன மஜ்லிஸ் புடிச்சுட்டுப் போனதா நான் கேள்விப்பட்டதே இல்ல. 1974ல பிரதமர் துன் ரசாக் காலத்துல புக்கு ஹிஜாவ் (பச்சைப் புத்தகம்) திட்டம்னு சொல்லி வீட்ட சுத்தி காய்கறி போடுங்கன்னு சர்க்காரே கூப்பிட்டுச் சொன்ன நாடு இது. ஆனா கேட்டுக்கு வெளிய லோங்காங் (சாக்கடை) ஓரமா இருக்கற ரெண்டடி புல்லு உங்களோடது கிடையாது, அங்க நட்ட வாழைய நாளைக்கு வெட்டிட்டுப் போனா வாய மூடிட்டுத்தான் இருக்கணும். முருங்கை வேணாம், கொஞ்சம் பெருங்காத்து அடிச்சா கிளை ஒடிஞ்சு அவர் கார் மேல விழும், அப்புறம் அவர் பண்றது நியாயமான கம்ப்ளைன் ஆயிடும். பீர்க்கங்காய்க்கு கயிறு கட்டி பந்தல் போடறது வேற, இரும்புத் தூண் நட்டு ஜிங்கு கூரை போடறது வேற, ரெண்டாவது கட்டடம், 1974 சாலை வடிகால் கட்டடச் சட்டப்படி பிளான் குடுத்து அனுமதி வாங்கணும்.

பிளாட் மூணாவது மாடி, காரிடோர்ல பத்து மிளகாச் செடி வச்சிருக்கேன். ஜேஎம்பி (பிளாட் நிர்வாகக் குழு) எடுக்கச் சொல்லுது.

எடுத்துடுங்கம்மா. காரிடோர் பொது இடம். உங்க வீட்டு பால்கனிக்குள்ள வைங்க, தண்ணி கீழ் வீட்டுத் துணியில சொட்டாம பாத்துக்குங்க. ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) சட்டப்படி அவங்க போடற அபராதம் ஒரு தடவைக்கு 200 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல போக முடியாது, ஆனா பத்து மிளகாச் செடிக்கு அதுவே அதிகம்தான?

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுல அஞ்சு நாட்டுக்கோழி வளக்கலாமா? முட்டை விலை தாங்கல.

இந்தக் கேள்வி மாசத்துக்கு நாலு வரும். ஊருக்கு ஊரு மஜ்லிஸோட உண்டாங்-உண்டாங் கெச்சில் (உள்ளூர் துணைச் சட்டம்) வேற வேற, நான் இங்கேர்ந்து ஆமா இல்லன்னு சொன்னா அது பொய்யாயிடும். கவுன்ட்டர்ல போயி கேளுங்க, என்ன பதில் சொன்னாலும் எழுத்துல வாங்குங்க. "கவுன்ட்டர் பொண்ணு சரின்னு சொல்லிச்சு"ங்கறத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. சட்டத்த விட சேவல்தான் பிரச்சனை, முட்டைக்கு சேவல் தேவையே இல்ல, பெட்டைய மட்டும் வைங்க. ரெபான (கோழிக்கூண்ட) பின்பக்கம் சந்துல வைக்காதீங்க, அந்த சந்து மஜ்லிசோடது. இன்னொண்ணு, கோழி திடீர்னு ரெண்டு மூணா சாக ஆரம்பிச்சா புதைச்சுட்டு பேசாம இருந்துடாதீங்க, வெட்டரினார்க்கு (கால்நடை இலாகாவுக்கு) சொல்லுங்க. பறவைக் காய்ச்சல் 2004ல கிளந்தான்ல வந்தது, 2006ல நம்ம சிலாங்கூர்லயே வந்தது, ரெண்டு தடவையும் அடி வாங்கினது கம்போங்ல (கிராமத்துல) அஞ்சு பத்துன்னு வச்சிருந்தவங்கதான்.

மழைத்தண்ணி புடிச்சு வைக்கறது சட்டப்படி குத்தமா? அமெரிக்காவுல குத்தம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு.

நீங்க அமெரிக்காவுலயா இருக்கீங்க? 1998ல வறட்சி வந்து கிள்ளான் பள்ளத்தாக்கே வாளி தூக்கிட்டு லோரிக்கு நின்னுச்சு, அடுத்த வருஷமே மழைத்தண்ணி சேக்க வழிகாட்டி போட்டது நம்ம வீடமைப்பு அமைச்சுதான். கணக்கு சுலபம், ஒரு டெரஸ் வீட்டுக் கூரை சுமாரா 75 சதுர மீட்டர், சாயங்காலம் 20 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 1500 லிட்டர். செடிக்கு, கார் கழுவ, கக்கூஸுக்கு, தண்ணி வெட்டு வந்தா வீட்டுக்கே ஆகும். மொதல் அஞ்சு பத்து நிமிஷத் தண்ணிய வெளிய விட்டுடுங்க, பூனை மலமும் பறவை எச்சமும் அதுலதான் வருது. பைப் தண்ணி லைனோட மட்டும் சேக்கவே கூடாது, குடிதண்ணி கெட்டுப்போகும். தொட்டிக்கு மூடியும் சல்லடை வலையும் கட்டாயம். ஏடிஸ் கொசு முட்டையிலேர்ந்து பறக்கறதுக்கு ஒரு வாரம் போதும், 1975 கொசு ஒழிப்புச் சட்டத்துல சுகாதார ஆளுங்க புழுவப் பாத்தா 500 வெள்ளி வரைக்கும் கொம்பாவுன் (அபராதச் சீட்டு) எழுதுவாங்க, கோர்ட்டுக்குப் போனா இன்னும் மோசம்.

நாங்க லயத்துல (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டுல) பொறந்தவங்க. எஸ்டேட்ட வித்தப்புறம் தாமானுக்கு வந்துட்டோம், ஆனா பழைய லயத்துக்குப் பின்னாடி ஆத்தோரமா எங்கப்பா காலத்துலேர்ந்து 40 வருஷமா மரவள்ளி, வாழை போடறோம், ரெண்டு மாடும் கட்டறோம். இப்ப போர்டு நட்டிருக்காங்க. 12 வருஷம் பயிர் பண்ணினா நிலம் நம்மளுதுன்னு ஒருத்தர் சொல்றார், ஃபாரம் போட ஆளுக்கு 300 வெள்ளி கேக்கறார். குடுக்கலாமா?

குடுக்காதீங்க. குடுத்துட்டீங்கன்னா ரசீது இருக்கா பாருங்க, இருக்காது.

இந்த 12 வருஷக் கதை எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும், தமிழ்நாட்டு வக்கீலுங்க யூடியூப்ல பேசறது. இந்தியாவுல அப்படி ஒரு வழி இருக்கு, சரி, ஆனா நம்ம சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை இந்தியாவுல இல்ல. (பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்தினாலும் எனக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான்.) நம்ம ஊரு 1965 தேசிய நிலச் சட்டத்துல 48வது பிரிவு சர்க்கார் நிலத்துக்கு, 341வது பிரிவு பட்டா போட்ட நிலத்துக்கு, ரெண்டும் சொல்றது ஒண்ணுதான்: எத்தன வருஷம் உக்காந்திருந்தாலும் அதால நிலம் உங்களோடது ஆகாது. ரெஜிஸ்டர்ல யார் பேரோ அவங்களோடது. 40 இல்ல, 400 வருஷம் ஆனாலும் இதே பதில்தான்.

எனக்கு இதுல கோவம் வரும், காரணம் இருக்கு. எங்கம்மா லயத்துக்குப் பின்னாடி கீரையும் மரவள்ளியும் போட்டுத்தான் எங்க நாலு பேருக்கும் பள்ளிக்கூட சட்டை எடுத்தாங்க. எஸ்டேட் கை மாறப் போகுதுன்னு பேச்சு வந்தப்ப ஒருத்தர் வந்தார், வெள்ளச் சட்டை, கையில ஃபைலு, லயத்துல வீட்டுக்கு 50 வெள்ளி வாங்கினார், மில்லோ டின்ல இருந்த காச எங்கம்மா எண்ணிக் குடுத்தது இன்னும் கண்ணுல நிக்குது. ரசீது கேட்டதுக்கு "என்னக்கா, நம்ம ஆளுங்களுக்குள்ள ரசீதா"ன்னு சிரிச்சார். அப்புறமா நான் நில ஆபீஸ்ல போயி கேட்டேன், எங்க லயத்துப் பேர்ல ஒரு காகிதம் கூட அங்க வந்திருக்கல. ஒரு காலைல புல்டோசர் வந்துச்சு, மரவள்ளி புடுங்க இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு. எஸ்டேட்காரன் மேல எனக்கு கோவம் உண்டுதான், ஆனா அந்த 50 வெள்ளிக்காரன் மேல அதவிட ரெண்டு மடங்கு உண்டு.

இப்ப நீங்க செய்ய வேண்டியது: லோட் நம்பர கண்டுபுடிச்சு நில ஆபீஸ்ல சாரியான் (நிலம் யார் பேர்லன்னு தேடிப் பாக்கற மனு) போடுங்க, கட்டணம் கொஞ்சம்தான், யார் வேணும்னாலும் போடலாம், வெள்ளச் சட்டைக்காரர் தேவையில்ல. நிலம் கம்பெனி பேர்ல இருந்தா மேனேஜருக்கு கடுதாசி எழுதுங்க, நிலம் வேணும்னு இல்ல, இருக்கற பயிர எடுக்கவும் மாட்ட ஓட்டிட்டுப் போகவும் தேதி குடுங்கன்னு. உரிமையில்லாத எடத்துல கெஞ்சித்தான் ஆகணும், ஆனா எழுத்துல கெஞ்சுங்க, நாள அவங்க கையெழுத்தோட வாங்குங்க. சர்க்கார் நிலமா, ஆத்து ரிசர்வா இருந்தா டிஓஎல் (தற்காலிகமா நிலத்த பயன்படுத்தற) லைசன்ஸுக்கு மனு போடலாம், கிடைக்கும்னு கேரண்டி இல்ல, கிடைச்சாலும் டிசம்பர் 31 வரைக்கும்தான், வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அத நம்பி தென்னை வைக்காதீங்க, கீரை, வெண்டை, கங்கோங் மாதிரி சீக்கிரம் வெட்டறத போடுங்க. லைசன்ஸ் இல்லாம சர்க்கார் நிலத்துல பயிர் பண்றது 425வது பிரிவுல குத்தம், இத்தன வருஷம் யாரும் வரலன்னா நாளைக்கும் வர மாட்டாங்கன்னு அர்த்தம் இல்ல.

சோலார் போட்டுட்டு டிஎன்பிய (மின்சாரக் கம்பெனி லைன) வெட்டி விட்டுடலாமா? சேல்ஸ்மேன் 25 ஆயிரம் சொல்றார், மீதி கரண்ட்ட டிஎன்பி வாங்கிக்கும்ங்கறார்.

வெட்டாதீங்க. நம்ம வெயில்ல ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு மூணரை, நாலு யூனிட் குடுக்கும். மாசம் 300 யூனிட் எரியற வீட்டுக்கு மூணு கிலோவாட் பகல்ல போதும், ஆனா ராத்திரிக்கும், நவம்பர் மாசம் நாலு நாள் விடாம பேயற மழைக்கும் பேட்டரி வேணும், காசு எகிறுறது அங்கதான். சேல்ஸ்மேன் காட்டற நோட்டீஸ்ல என்இஎம் 3.0ன்னு இருக்கா பாருங்க, மீதி கரண்ட்ட பில்லுல கழிக்கற அந்தத் திட்டம் 2025 ஜூனோட முடிஞ்சு போச்சு. இப்ப எந்தத் திட்டம், மீதி யூனிட்டுக்கு என்ன கணக்குன்னு செடாவுல (சர்க்காரோட சோலார் திட்டத்த பாத்துக்கற அமைப்புல) நீங்களே கேளுங்க, அப்புறம் அவர் சொல்றத எழுத்துல வாங்குங்க. மாச பில்லு 80 வெள்ளின்னா என்னைக் கேட்டா சோலாரே வேணாம், அந்தக் காசுல தண்ணித் தொட்டி வாங்குங்க.

விவசாய கெரான் ஒரு ஏக்கர் வாங்கியிருக்கேன், வீடு கட்டி அங்கயே இருக்கலாமா?

கெரான பாத்துட்டு கேட்ட ஒரே ஆள் நீங்க, வாழ்க. விவசாய நிலத்துல நிலத்துக்காரன் குடியிருக்க வீடு கட்ட 115வது பிரிவு இடம் குடுக்குது. ஆனா அது நிலச் சட்டம் மட்டும், மஜ்லிஸுக்கு பிளான் தனியா போகணும், ரோடு, லோங்காங், கக்கூஸ் தொட்டி எல்லாம் அவங்க கேப்பாங்க. கெரான்ல எக்ஸ்பிரஸ் கண்டிஷன்னு (நிபந்தனைன்னு) ஒரு வரி தனியா இருக்கும், அதுல கெலாப்பா சாவிட் (செம்பனை) மட்டும்னு போட்டிருந்தா கோழிப்பண்ணை கனவ கொஞ்சம் தள்ளி வைங்க, மொதல்ல நில ஆபீஸ்ல நிபந்தனை மாத்தணும், பிரீமியம் கட்டணும்.

காஞ்ச இலைய வீட்டுக்குப் பின்னாடி கொளுத்தலாமா?

குப்பை லோரி வர்ற தாமான்ல கொளுத்தாதீங்க. குழி தோண்டி போடுங்க, நம்ம மழைக்கு மூணு மாசத்துல உரம்.

குரங்கு வந்து பப்பாளி, வாழை எல்லாத்தையும் நாசம் பண்ணுது. மருந்து வச்சுடலாமான்னு தோணுது.

வைக்காதீங்க, 2010 வனவிலங்குச் சட்டத்துல மாட்டிக்குவீங்க, பக்கத்து வீட்டு நாயும் சேந்து செத்துடும். பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்கு இலாகாவுக்கு) போன் பண்ணுங்க, கூண்டு கேளுங்க. அது வர்ற வரைக்கும் பப்பாளிய செங்காயா இருக்கும்போதே பறிச்சு அரிசி மூட்டையில வைங்க, நாலு நாள்ல பழுத்துடும்.