மூணு செர்ரி விழுந்தும் காசு வரலையே!

கேள்வி: லண்டன்ல இருக்கேன் சார். பப்ல இருந்த 1960கள் காலத்து ஃப்ரூட் மெஷின், அதான் காசு போட்டா பழப்படம் சுத்துற சூதாட்ட மெஷின், ஒண்ணு வாங்கினேன். படம் இருக்குற ரீல் நல்லா சுத்துது, மூணு செர்ரி வந்தாலும் காசு விழ மாட்டேங்குது. சர்க்யூட் போர்டு போயிடுச்சா?

பதில்: அதுல போர்டுன்னு மூளை எல்லாம் கிடையாதுங்க, எல்லாம் ரிலே (மின்காந்தத்தால இயங்குற சுவிட்ச்), மோட்டார், சாதா சுவிட்ச்தான். முதல்ல பிளக்கைப் புடுங்கிடுங்க, எர்த் சரியா இருக்கான்னும் பாருங்க. ரீல் நின்னதும் பக்கத்துல ஒரு சின்ன பித்தளை விரல் வட்டத் தகட்டைத் தொட்டு எந்தப் பழம்னு சொல்லும், அதுல பழைய கிரீஸ் கருப்பா ஒட்டியிருந்தா மெஷினுக்கு செர்ரியே தெரியாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைங்க. ரிலே முனைகளுக்கு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், வெள்ளிப்பூச்சு போயிடும், நடுவுல விசிட்டிங் கார்டு மாதிரி கெட்டித்தாளை விட்டு இழுத்தா போதும். எண்ணெய் ஸ்பிரே அடிக்கிறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும், தூசி அப்பிக்கும். ஃபியூஸ் போனா அதே ஆம்பியர்தான் போடணும். அப்புறம் ஜெயிச்சவங்களுக்குக் கொடுக்குற காசை அடுக்கி வைக்கிற டியூப்ல நாணயம் இருக்கான்னும் பாருங்க, ஆறு பென்ஸ் மெஷின்னா 1980ல செல்லாமப் போன அந்தப் பழைய காசையே தேடி வாங்கி நிரப்பணும்!