பள்ளிக்கூட வாசலில் பெயர் வாசிக்கும் நாள்: போகலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்கும் உதவும். பாரிஸ் பத்தாம் வட்டாரத்தில் மகன் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பில் படிக்கிறான். ஜனவரி 27 அன்று பள்ளிக்கூட வாசலில் உள்ள கறுப்பு நினைவுப் பலகைக்கு முன்னால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொல்லப்பட்ட யூதப் பிள்ளைகளுக்கு அஞ்சலி நடக்கும், மகன் ஒரு பெயரை வாசிக்க வேண்டும், பெற்றோரும் வரலாம் என்று கொப்பியில் துண்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். இது யூதரின் சமயச் சடங்கா, நாங்கள் போவது சரியா, பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சாவுக் கதை எதற்கு, என்ன உடுத்துவது, பூ கொண்டுபோக வேண்டுமா. இவைதானே உங்கள் கேள்விகள்?

போங்கள். வேலையிடத்தில் இரண்டு மணித்தியாலம் கேட்டு வாங்கிக்கொண்டாவது போங்கள். இது சமயச் சடங்கு இல்லை. பள்ளிக்கூடமும் நகரசபையும் சேர்ந்து நடத்துகிற பொது நிகழ்வு. ஜனவரி 27 என்பது 1945இல் நாசிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்ட நாள். பிரான்சில் பள்ளிக்கூடங்கள் இனப்படுகொலைகளை நினைவுகூரும் நாளாக இதைக் கடைப்பிடிக்கின்றன. உங்கள் மகனின் வகுப்புப் பாடத்திட்டத்திலேயே இந்த வரலாறு இருக்கிறது.

நாளைக்கு மகனைக் கொண்டுபோய் விடும்போது அந்தப் பலகையை நின்று வாசித்துப் பாருங்கள். பாரிசில் பல பள்ளிக்கூட வாசல்களில் இந்தப் பலகை உண்டு, வாசகமும் பெரும்பாலும் ஒன்றுதான். 1942 முதல் 1944 வரை பிரான்சில் இருந்து 11,000க்கும் அதிகமான பிள்ளைகள் நாடுகடத்தப்பட்டு ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள், யூதராகப் பிறந்ததுதான் காரணம், அவர்களில் சிலர் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று இருக்கும். அதோடு இன்னொன்றும் இருக்கும்: அவர்களைப் பிடித்துக் கொடுத்தது விஷி அரசாங்கத்தின், அதாவது ஜெர்மனியரோடு ஒத்துழைத்த அந்தக் காலத்துப் பிரெஞ்சு அரசாங்கத்தின் பொலிஸ். ஜெர்மன் நாசிகள் செய்தார்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். தங்கள் பொலிஸ் செய்தது என்பதைத் தங்கள் பிள்ளைகள் தினமும் நுழைகிற வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் யார் என்று தெரிந்தால் உங்கள் தயக்கம் பாதி போய்விடும். லாச்சப்பலில் நம் கடைகள் இருக்கிற பக்கத்தில் இருந்து ஃபோபூர் சன் தெனி வீதியால் கீழே இறங்கினால் வருகிற பத்தாம் வட்டாரத்தில், அந்தக் காலத்தில் போலந்தில் இருந்தும் ருமேனியாவில் இருந்தும் வந்த யூதக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்தன. தையல், தோல், கம்பளி உரோம வேலை. ஒரே அறையில் மெஷினும் கட்டிலும். பெற்றோருக்கு பிரெஞ்சு தட்டுத்தடுமாறித்தான் வரும். பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்து, வீட்டுக் கடிதங்களைப் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர்கள். உங்கள் மகன் இப்போது உங்களுக்குச் செய்கிற அதே வேலை.

1940 செப்டெம்பர் கடைசியில், ஜெர்மனியர் பிடித்திருந்த பகுதியில் யூதர்கள் எல்லோரும் ஒக்டோபருக்குள் போய்ப் பதிய வேண்டும் என்று கட்டளை வந்தது. பெரும்பாலானோர் சட்டத்தை மதித்துப் போய்ப் பதிந்தார்கள். பாரிஸ் பொலிஸ் தலைமையகம் அந்தப் பதிவுகளை அட்டைகளாக்கி, பெயர் வாரியாக, வீதி வாரியாக, தொழில் வாரியாக, எந்த நாட்டவர் என்ற வாரியாக அடுக்கி வைத்தது. 1942 ஜூலை 16 விடியற்காலை பொலிசார் வீடு வீடாகப் போனது அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான். தேடப்பட்டவர்கள் வெளிநாட்டு யூதரும் நாடற்ற யூதரும். இரண்டு நாளில் 13,152 பேர் பிடிபட்டார்கள், அதில் 4,115 பேர் பிள்ளைகள். வதிவிட அனுமதிக்காகப் பிரிபெக்சர் வரிசையில் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற எவருக்கும் இந்த இடத்தில் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் அடிக்கும். எனக்கு அடித்தது.

குடும்பங்களை ‘வெல் தீவ்’ என்று சொல்லப்பட்ட சைக்கிள் பந்தய அரங்கில் நாள்கணக்காக அடைத்தார்கள். தண்ணீர் இல்லை, கழிப்பறை போதாது. பிறகு லுவாரே மாவட்டத்து முகாம்கள். அங்கே தாய்மாரை முதலில் பிரித்து அனுப்பினார்கள், சின்னப் பிள்ளைகள் தனியே கிடந்தார்கள். ஜெர்மனியர் முதலில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கேட்கவே இல்லை. பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டுபோகலாம் என்று சொன்னது பிரெஞ்சு அரசாங்கத்தின் தலைவர் லவால். ஓகஸ்டில் அந்தப் பிள்ளைகளை ட்ரான்சி முகாமுக்கும் அங்கிருந்து ஆஷ்விட்சுக்கும் ஏற்றினார்கள்.

ட்ரான்சி என்றால் நம் ஆட்களுக்குத் தெரியாத ஊரா? பொபினி, லாகூர்நெவ், ட்ரான்சி என்று எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பக்கம் இருக்கின்றன. முகாமாக இருந்த அந்த மாடிக் கட்டடத்தில் இன்றைக்கும் மக்கள் குடியிருக்கிறார்கள். எதிரே 2012இல் நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். முற்றத்துக்கு முன்னால் ஒரு ரயில் பெட்டியும் நிற்கிறது. பிரான்சில் இருந்து நாடுகடத்தப்பட்ட ஏறக்குறைய 76,000 யூதர்களில் பெரும்பாலானோர் அந்த முகாம் வழியாகத்தான் போனார்கள். 1943 கோடைக்குப் பிறகு ரயில் புறப்பட்டது பொபினி நிலையத்தில் இருந்து.

உங்கள் வட்டாரத்திலேயே இன்னொரு இடம் உண்டு. ஃபோபூர் சன் மர்த்தன் வீதியில் லெவித்தான் என்ற தளபாடக் கடை இருந்தது. 1943இல் இருந்து அதை ஒரு சிறு முகாமாக்கி, ட்ரான்சியில் இருந்து கொண்டுவந்த யூதக் கைதிகளை வைத்து, யூத வீடுகளில் கொள்ளையடித்த சட்டி பானை, கட்டில், விளக்கு எல்லாவற்றையும் தரம் பிரிக்க வைத்தார்கள்.

இதையெல்லாம் அரசு உடனே ஒப்புக்கொண்டது என்று நினைக்காதீர்கள். அது விஷி, உண்மையான பிரான்ஸ் இல்லை என்றுதான் நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1992இல், அந்த ஜூலைப் பிடிப்பின் ஐம்பதாவது ஆண்டு நினைவுக்கு ஜனாதிபதி மித்தரோன் வந்தபோது கூட்டத்தில் இருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. மறு வருடம் அவர் ஜூலை 16ஐ ஒட்டிய தேசிய நினைவு நாளை அறிவித்தார், ஆனால் பொறுப்பை ஏற்கவில்லை. 1995 ஜூலை 16 அன்று ஜாக் சிராக்தான் வெளிப்படையாகச் சொன்னார்: அந்த நாளில் பிரான்ஸ் சரிசெய்ய முடியாததைச் செய்தது என்று. 53 வருடம் எடுத்திருக்கிறது. உயிர் தப்பியவர்களும் பிள்ளைகளை இழந்தவர்களும் விடாமல் கேட்டதால்தான் அது நடந்தது. அப்பாவை ஆஷ்விட்சில் இழந்த செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் ஒவ்வொரு ரயிலிலும் போனவர்களின் பெயர்களைத் தேடித் திரட்டி 1978இல் வெளியிட்டார். உங்கள் மகன் வாசிக்கப்போகிற பெயரும் அப்படித் தேடி எடுத்தவர்களின் உழைப்பில் கிடைத்ததுதான். இறந்த பிள்ளைக்கு வெளிப்படையாக விளக்கேற்றுவதற்கே பயந்திருந்த ஊரில் இருந்து வந்த எனக்கு, ஒரு அரசு தன் குற்றத்தைத் தானே ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டது பெரிய விஷயமாக இருந்தது.

சரி, நிகழ்வுக்கு வருவோம். அநேகமாக அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம். நகரசபை ஆட்கள் மூவர்ணப் பட்டி போட்டு வருவார்கள், கொடி பிடித்தபடி சில முதியவர்கள் நிற்பார்கள். சிறு பேச்சு, பிறகு பிள்ளைகள் பெயரும் வயதும் வாசிப்பார்கள். பலகைக்குக் கீழே பூ வைப்பார்கள், ஒரு நிமிட மௌனம், தேசிய கீதம். சில இடங்களில் கதிஷ் என்ற யூதப் பிரார்த்தனையும் சொல்லப்படும். அப்போது பேசாமல் நின்றால் போதும், நீங்கள் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. மகன் வாசித்து முடித்ததும் கைதட்டவோ கைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கவோ வேண்டாம். கறுப்பு உடுப்பு அவசியமில்லை, ஜனவரிக் குளிருக்குத் தடித்த ஜக்கெட் முக்கியம். பூ கட்டாயம் இல்லை. ஒரு வெள்ளை ரோசா கொண்டுபோனால் சந்தோஷமாக வாங்கி வைப்பார்கள்.

மகனுக்குப் பயம் வருமா என்று கேட்டீர்கள். அவன் வயதுக்கு எவ்வளவு சொல்ல வேண்டுமோ அதை ஆசிரியை சொல்லியிருப்பார். நீங்கள் முகாமின் கொடூரங்களை வீட்டில் விவரிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை எந்த வீதியில் இருந்தது, எத்தனை வயது என்பதைப் பற்றிக் கதையுங்கள். காப்பாற்றியவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். அந்த ஜூலையில் 27,000க்கு மேற்பட்ட அட்டைகள் தயாராக இருந்தும் பாதிப் பேருக்கு மேல் பிடிபடவில்லை. முதல் நாளே காதில் போட்ட பொலிசார் சிலரும், கதவைத் திறந்துவிட்ட அயலவர்களும் அதற்கு ஒரு காரணம். பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழக்குங்கள். போலந்துக் குடும்பப் பெயராக இருந்தால் கஷ்டம், ஆசிரியையிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நம் நீளப் பெயர்களைக் கவுண்டரில் கடித்துத் துப்புகிறபோது எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

உங்கள் கணவர், இது இஸ்ரேல் அரசியல், நமக்கு எதற்கு என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். காசாவில் சாகிற பிள்ளைகளுக்காக அவருக்கு மனம் வலிக்கிறது என்றால் அந்த வலி நியாயமானது, அதை அடக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பலகையில் இருக்கிறவர்கள் இந்த வீதியில் பந்து விளையாடிய பிள்ளைகள். 1942இல் இஸ்ரேல் என்ற நாடே இல்லை. இந்தப் பிள்ளைக்காக நிற்பதால் அந்தப் பிள்ளைக்கான கண்ணீர் குறையாது. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது இந்தக் கடிதத்தை வாசிக்கக் கொடுங்கள்.

மகன் பிறகு கேள்விகள் கேட்டால், நாலாம் வட்டாரத்தில் உள்ள ஷோவா (யூத இனப்படுகொலை) நினைவகத்துக்குக் கூட்டிப் போங்கள். நாடுகடத்தப்பட்டவர்களின் பெயர்ச் சுவர் அங்கே இருக்கிறது. அவன் வாசித்த பெயரையும் தேடிப் பார்க்கலாம். நுழைவு இலவசம், வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். சனிக்கிழமை பூட்டு, ஞாயிறு திறந்திருக்கும். துண்டில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப மறக்க வேண்டாம்.