இரண்டாம் ஆண்டிலேயே மருத்துவக் கல்லூரி இடமா?

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரியில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பட்டம் முடிப்பதற்கு முன்பே மருத்துவக் கல்லூரியில் இடத்தை உறுதி செய்யும் ‘எர்லி அஷ்யூரன்ஸ்’ திட்டத்தில் விண்ணப்பிக்க விரும்புகிறாள். மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்கூட எழுத வேண்டாம் என்கிறார்கள். இடம் கிடைத்துவிட்டால் கவலையில்லாமல் இருக்கலாமா? நாங்கள் இன்னும் எச்-1பி விசாவில்தான் இருக்கிறோம்.
– ஒரு வாசகி, எடிசன்

பதில்: கடைசி வரியாக நீங்கள் எழுதியிருப்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறது. உங்களைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்கு 21 வயது நிறைந்ததும் அந்த விசா செல்லாது. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால், பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். இரண்டாம் ஆண்டில் இடம் பெறும் மாணவி மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும்போது அநேகமாக 22 வயதில் இருப்பாள். அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களை மட்டுமே சேர்க்கின்றன. வெளிநாட்டு மாணவர்களையும் சேர்க்கும் கல்லூரிகளில் சில, ஓராண்டுக்கோ நான்காண்டுக்கோ உரிய கட்டணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் செலுத்திக் காட்டச் சொல்கின்றன. எஃப்-1 மாணவர்களுக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடனும் கிடையாது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் என்ன விசா என்பதை மட்டுமல்லாமல், சேரும் நாளில் என்ன விசா இருக்க வேண்டும் என்பதையும் கல்லூரியிடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். வயது வரம்பைக் கணக்கிடுவதில் பிள்ளைகளுக்குச் சில சலுகைகளைத் தரும் சட்டம் ஒன்று இருக்கிறது. அது உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

இனி திட்டத்துக்கு வருவோம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987-ல், இலக்கியம், வரலாறு போன்ற கலைப்புலத் துறைகளைப் படிப்பவர்களுக்காக இப்படியொரு வழியைத் திறந்தது. அவர்கள் எம்கேட் எழுத வேண்டியிருக்கவில்லை. கரிம வேதியியலும் இயற்பியலும் வழக்கமான அளவில் படிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படி வந்தவர்கள் மருத்துவப் படிப்பில் மற்றவர்களுக்குச் சமமாகவே தேறினார்கள் என்று அக்கல்லூரியினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2013-ல் அதை எல்லாத் துறை மாணவர்களுக்கும் விரித்து ‘ஃபிளெக்ஸ்மெட்’ என்று பெயரிட்டபோது, முதலாண்டு இடங்களில் பாதியை இவ்வழியில் நிரப்புவதே இலக்கு என்று அறிவித்தார்கள். மதிப்பெண்ணைத் துரத்தும் நெருக்கடியிலிருந்து மாணவரை விடுவித்து, தனக்குப் பிடித்ததை ஆழமாகப் படிக்க விடுவதுதான் நோக்கம். நம் குடும்பங்களிலோ அதே திட்டம் முதலாம் ஆண்டிலேயே தொடங்கும் இன்னொரு பந்தயமாகிவிடுகிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

கவலை விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் உறுதி என்று சொல்லும் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இனிப்பு வாங்கக் கிளம்புகிறவர்கள், நிபந்தனைகள் அச்சாகியிருக்கும் இரண்டாம் பக்கத்தைப் பெரும்பாலும் படிப்பதில்லை. மீதமுள்ள பருவங்களிலும் சராசரி மதிப்பெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது, சொல்லப்பட்ட அறிவியல் பாடங்களை முடித்திருக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகியிருக்கக் கூடாது, பட்டம் பெற்றே தீர வேண்டும் என்பவை பொதுவானவை. எம்கேட் விலக்கு எல்லா இடத்திலும் இல்லை. அதில் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்தால் கையிலிருக்கும் இடம் போய்விடும் என்ற விதியும் சில இடங்களில் இருக்கலாம். அதைக் கட்டாயம் கேளுங்கள். தன் சொந்த இளங்கலை மாணவர்களை மட்டும் இவ்வழியில் எடுக்கும் பல்கலைக்கழகங்களும் உள்ளன என்பதால், முதலில் மகளின் கல்லூரியில் உள்ள மருத்துவப் படிப்பு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

இதை ‘எர்லி டிசிஷன்’ என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மருத்துவக் கல்லூரியில் சேரும் ஆண்டுக்கு முந்திய கோடையில், ஆகஸ்ட் 1-க்குள், ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பித்து முடிவுக்காகக் காத்திருக்கும் வேறு ஏற்பாடு.

கிடைக்காமல் போனால் என்ன என்பதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: மகள் மற்றவர்களைப் போல எம்கேட் எழுதி வழக்கமான காலத்தில் விண்ணப்பிப்பாள், அவ்வளவுதான். அதனால் அறிவியல் பாடங்களை இப்போதே கைவிட வேண்டாம்.

கேள்வி: என் மகன் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். படிக்கும்போதே எம்பிஏ இடத்தை முன்கூட்டித் தரும் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ‘2+2’ திட்டத்துக்கு இங்கிருந்து விண்ணப்பிக்க முடியுமா? உடனே சேர வேண்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முடியும், இறுதியாண்டு மாணவர் எந்த நாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளான ஜிமேட் அல்லது ஜிஆர்இ மதிப்பெண் வேண்டும்; விண்ணப்பத்துக்கான கடைசி நாள் வழக்கமாக ஏப்ரலில் வரும். உடனே சேர முடியாது என்பதே இதன் சிறப்பு. இடம் கிடைத்தவர் பட்டம் முடித்து, குறைந்தது இரண்டாண்டு, அதிகபட்சம் நான்காண்டு வேலை பார்த்துவிட்டுத்தான் எம்பிஏ வகுப்பில் அமர முடியும். எனவே இத்திட்டத்தை நம்பி வளாக நேர்காணலைத் தவிர்க்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். இடம் கிடைத்தாலும் அவருக்கு முதலில் வேண்டியது வேலைதான்.